அப்பாவின் கையெழுத்து இன்னும் அப்பாவுடையதுதான்

கேள்வி: வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடொன்றில் அப்பாவுடன் இருக்கிறேன். அவருக்கு 79 வயது. அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றவர். அல்சைமர் நோயின் ஆரம்பம் என்று போன மாதம் சொன்னார்கள். பின்னேரமானால் "வீட்டை போகவேணும்" என்று கதவடியில் வந்து நிற்கிறார். கடைக்குப் போவதென்றால் பயத்தில் அவரை உள்ளே வைத்து வெளியால் பூட்டிவிட்டுப் போகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "அற்றோணித் தத்துவத்தை எழுதி வாங்கு, காணியை விற்று நல்ல இல்லமொன்றில் விடுவோம், நோயின் பேரை மட்டும் அப்பாவுக்குச் சொல்லாதே" என்கிறார். எது சரி? அப்பாவுக்கு என்று ஏதாவது உரிமை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான பதில்கள் அதிலிருந்துதான் வரவேண்டும்.

நோயின் பெயரை ஒரு வைத்தியர் எழுதிவிட்டார் என்பதற்காக உங்கள் அப்பா எந்த உரிமையையும் இழந்துவிடவில்லை. அவர் கையெழுத்து வைக்கலாம், வைக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். காணியை விற்கச் சம்மதிக்கலாம், மறுக்கலாம். வாக்களிக்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 89ஆவது உறுப்புரை, சித்த சுவாதீனம் அற்றவர் என்று சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவரைத்தான் வாக்காளர் தகுதியிலிருந்து நீக்குகிறது. கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட நோய்ப் பெயர் அதைச் செய்யாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆவது உறுப்புரை, மூளையின் ஆற்றல் குறைந்தவரும் சட்டத்தின் முன் மற்றவர்களுக்குச் சமமான ஆள் என்றும், தீர்மானம் எடுக்க அவருக்கு உதவி கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அவருக்குப் பதிலாக நாம் எடுத்துவிடுவது உதவி ஆகாது. நாட்டுக்குள் நிலைமை அவ்வளவு தெளிவில்லை. நமது உளநோய்க் கட்டளைச் சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டுக்குப் போகிறது. அதனால்தான் வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியமாகிறது.

கொழும்பில் உளநலச் சமூக சேவையாளராக வேலை செய்த காலத்தில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நோய் தெரியவந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அந்த மனிதரைப் பற்றிக் கதைப்பார்கள், அவரோடு கதைக்கமாட்டார்கள். அவர் அங்கேயே கதிரையில் இருப்பார். "அப்பா சாப்பிட்டவரோ?" என்று அவருக்கு மேலால் மகளிடம் கேட்பார்கள். அவருடைய மறதி வளருவதற்கு முன்பே அவருடைய இடம் பறிபோய்விடும்.

நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா? சொல்லுங்கள். அவர் கேட்டால் கட்டாயம் சொல்லுங்கள். தனக்கு ஏதோ நடக்கிறது என்று ஆரம்பத்தில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியைத் தேடிக் களைத்து, பேரனின் பெயர் வாயில் வராமல் தடுமாறி, அதை மறைக்கச் சிரித்துச் சமாளிப்பார். அந்த நிலையில் "ஒண்டுமில்லை அப்பா, வயசு போனா எல்லாருக்கும் உப்பிடித்தான்" என்பது அவரைத் தனியே விடும் பேச்சு. அது உண்மையும் அல்ல. ராகமையில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 4 சதவீதமானவர்களுக்கே டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருந்தது. வயது கூடக்கூட ஆபத்து ஏறும் என்றாலும், வயதானால் எல்லோருக்கும் வருவதல்ல இது. பெயரைச் சொன்னால்தான் அவர் தன் காரியங்களைத் தானே ஒழுங்குபண்ண முடியும். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டவேண்டியதில்லை. "மூளையில ஒரு வருத்தம், மறதி அதாலதான். நான் கூட இருக்கிறன்" என்று தொடங்குங்கள். மிச்சத்தை அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள்.

அதற்கு முன், நோயறிதல் ஒழுங்காக நடந்ததா என்று ஒருமுறை பாருங்கள். தைரொய்ட் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்து சில கிழமைக்குப் பிறகு மண்டைக்குள் தேங்கும் இரத்தம் எல்லாம் மறதிநோய் போலவே தோன்றும். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஸ்கேனும் செய்தார்களா? தடிமனுக்கும் நித்திரைக்கும் நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசை முதியவரின் மறதியைக் கூட்டும். அவர் எடுக்கும் எல்லாக் குளிசைகளையும், ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழம்பினால் அது பெரும்பாலும் நோய் முற்றியதால் அல்ல. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, உப்புக் குறைவு, மலச்சிக்கல் என்று வேறு காரணம் இருக்கும். அன்றே வைத்தியரிடம் போகவேண்டும்.

பரிசோதனை எந்த மொழியில் நடந்தது என்பதும் முக்கியம். ஞாபகசக்தியை அளக்கும் 30 புள்ளிக் கேள்விகளைச் சிங்களத்தில் கேட்டு, மகள் தமிழாக்கி, அப்பா முழிக்கும்போது மகளே பாதிப் பதிலையும் எடுத்துக்கொடுத்தால் அந்தப் புள்ளிக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் "இது என்ன மாதம்?" என்று கேட்டால் சில முதியவர்கள் "ஆடி" என்பார்கள். பஞ்சாங்கத்தின்படி அது சரியான பதில். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழை போடுவார். தமிழ் தெரிந்த வைத்தியரோ உளவியலாளரோ மறுபடி பார்க்கவேண்டும் என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழில் கதைத்து விளங்கிக்கொள்வது நமக்கு யாரும் செய்கிற உபகாரம் அல்ல. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. காதையும் கண்ணையும் சோதிப்பியுங்கள். கேட்காத காதும், கற்ராக்ட் மூடிய கண்ணும் மறதிநோயைக் கூட்டிக் காட்டும். லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் இவை இரண்டும் உள்ளன.

இனி அண்ணா சொல்லும் அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், ஒருவர் நினைவோடு இருக்கும்போது எழுதிக்கொடுக்கும் பத்திரம், பிறகு அவருக்கு விளங்கும் ஆற்றல் போனாலும் தொடர்ந்து செல்லுபடியாகும்படி செய்யலாம். அதற்கென்றே அங்கே சட்டம் இருக்கிறது. அண்ணா அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இலங்கையில் அப்படியான நீடித்த தத்துவம் கிடையாது. இங்கே எழுதும் அற்றோணித் தத்துவம், கொடுத்தவர் தானே விளங்கித் தீர்மானிக்கும் நிலையில் இருக்கும்வரைதான் நிற்கும். அந்த நிலை போனபின் அதைக் காட்டிக் காணியை விற்றால், அந்த உறுதியே பின்னால் வழக்குக்குப் போகும். வாங்கினவருக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல்.

அப்பாவின் விளங்கும் ஆற்றல் இன்னும் போகாதபடியால், இப்போது செய்யக்கூடியதை அப்பாவைக் கொண்டே செய்யுங்கள். விளங்கும் ஆற்றல் என்பது முழுதாக உண்டு அல்லது முழுதாக இல்லை என்ற ஒன்றல்ல. காணியின் பெறுமதியைக் கணக்குப்போட முடியாதவர், தன்னை யார் பார்க்கவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வார். பின்னேரம் குழம்புகிறவர் காலை பத்து மணிக்கு நிதானமாக இருப்பார். ஆகவே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போவதென்றால் காலையில் போங்கள். அவர் விளங்கித்தான் கையெழுத்து வைக்கிறார் என்று வைத்தியரிடம் அதே நாட்களில் ஒரு கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசு உங்களை வெளியே நிற்கவைத்து அப்பாவுடன் தனியே கதைக்கட்டும். அப்படிச் செய்கிற நொத்தாரிசு நல்லவர், அவசரப்படுத்துகிறவரை நம்பவேண்டாம். மரண சாசனம் எழுத விரும்பினால் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். எப்படி எழுதினாலும் எழுதுபவர் சித்த சுவாதீனத்தோடு இருக்கவேண்டும். வீட்டையோ காணியையோ இப்போதே நன்கொடை உறுதியாக எழுதிக்கொடுக்க அவர் விரும்பினால், தன் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கிவைத்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளை நம்பி முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டில் அறை மாற்றப்பட்ட பெற்றோரை நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். பத்திரத்தில் பெயர் மாறினால் வீட்டில் குரலும் மாறிவிடுகிறது.

விளங்கித் தீர்மானிக்கும் ஆற்றல் போய்விட்டால் வழி மாவட்ட நீதிமன்றந்தான். சிவில் நடைமுறைக் கோவையின் கீழ் உறவினர் ஒருவர் விண்ணப்பித்து, வைத்திய சாட்சியத்தை முன்வைத்து, சொத்தைப் பராமரிக்க ஒரு பொறுப்பாளரை நியமிக்கக் கேட்கலாம். காலமும் காசும் போகும் வேலை. அதோடு, நான் மேலே சொன்ன வாக்குரிமை இழப்பு அப்படியான தீர்மானத்தோடுதான் வருகிறது. ஆகவே தேவை வராமல் அந்தப் படியேறாதீர்கள். செலவு தாங்காது என்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். காணியை விற்பதைப் பற்றி அப்பாவிடமே கேட்டீர்களா என்று உங்கள் கேள்வியில் எங்கும் இல்லை. முதலில் கேளுங்கள்.

ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்றிதழைத் தவறவிடாதீர்கள். அவரால் வெளியே வர முடியாமல் போனால் என்ன ஒழுங்கு என்று இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வையுங்கள்.

கதவுக்கு வருகிறேன். வெளியால் பூட்டிவிட்டு அவரைத் தனியே விட்டுப் போவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் ஒழுங்கையால் இறங்கினால் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். மேலே காலி வீதி. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அடுக்குமாடியில் காஸ் அடுப்போடும் பல்கனியோடும் பூட்டப்பட்ட முதியவருக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே ஆபத்துக் கூட. நெருப்புப் பிடித்தால் யார் திறப்பது? ஒருவர் கூட இருக்கும்போது உள்ளால் பூட்டித் திறப்பைக் கையில் வைத்திருப்பது வேறு விடயம். அதிலும் அவர் கேட்கும்போது கூட்டிக்கொண்டு வெளியே போகிற ஒருவர் இருக்கவேண்டும். கதிரையோடு கட்டிவைப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

"வீட்டை போகவேணும்" என்று சொல்லும்போது "இதுதானே அப்பா வீடு" என்று வாதாடாதீர்கள். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வந்து கொழும்பில் தங்கிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். பொழுதுபடும் நேரத்தில் சேட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பொலித்தீன் பையில் அடையாள அட்டையும் துவாயும் வைத்துக்கொண்டு கதவடியில் நிற்பார். மகள் மறிக்க மறிக்கக் கோபம் ஏறும். பிறகு மகள் முறையை மாற்றினார். "சரி அப்பா, போவம். கிணத்தடியில எத்தினை கமுகு நிண்டது?" என்று கேட்பார். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்குவார். துலாக்கிணறு, மாட்டுக்கொட்டில், பின்வேலிக் கிளுவை எல்லாம் வரும். ஏமாற்றுவது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் கேட்பது அந்த வீட்டில் தனக்கிருந்த நிம்மதியை. அது எங்கே இருந்தது என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிலவேளை அந்தச் சொல்லுக்குள் வேறு ஒன்று இருக்கும். மூத்திரம் முட்டியிருக்கலாம், பசிக்கலாம், முழங்கால் நோகலாம். அதை முதலில் பாருங்கள். நாலரை மணிக்கு, அவர் கேட்பதற்கு முதல், நீங்களே கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். மயூரபதி அம்மன் கோயில் வரை போய்வந்தாலும் போதும். இருளமுதல் லைட்டைப் போட்டு, யன்னல் சீலையை இழுத்துவிடுங்கள். யன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே அந்நியன் என்று பயப்படுவார்கள். வெடிச்சத்தத்துக்கும் சீருடைக்கும் நடுங்குகிற நம் முதியவர்களும் இருக்கிறார்கள். 83 கலவரத்தையும் அதற்குப் பிந்திய சோதனைச் சாவடிகளையும் கடந்தவர்களுக்குப் புது ஞாபகம் அழியும்போது பழைய பயம் மேலே வரும். புதுவருடத்துக்கும் தீபாவளிக்கும் அவர் பக்கத்தில் யாராவது இருங்கள்.

அவர் எப்படியும் ஒருநாள் வெளியே போகலாம் என்று வைத்துக்கொண்டே ஆயத்தமாகுங்கள். கீழே நிற்கும் செக்கியூரிட்டிக்கும், சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரருக்கும், பக்கத்துக் கடைக்காரருக்கும் விடயத்தைச் சொல்லி உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். மறைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை, சொன்னால் ஒழுங்கையே கண்ணாக இருக்கும். சேட்டுப் பொக்கற்றுக்குள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தைத்துவிடுங்கள். அண்மையில் எடுத்த படம் ஒன்று போனில் இருக்கட்டும். காணவில்லை என்றால் காத்திராமல் 119க்கு அழையுங்கள்.

பார்க்க ஆள் வைப்பதென்றால், கொழும்பில் வருகிறவர் பெரும்பாலும் சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருப்பார். உங்கள் அப்பா கந்தோரில் வாழ்நாளெல்லாம் சிங்களமும் ஆங்கிலமும் கதைத்திருக்கலாம். இந்த நோயில் பிறகு படித்த மொழிகள் பலருக்கு முதலில் நழுவும், அம்மாவிடம் கேட்ட மொழி கடைசிவரை நிற்கும். பதில் சொல்லாமல் இருக்கும் முதியவரை ஆஸ்பத்திரி வார்ட்டில் "இவருக்கு ஒன்றும் விளங்காது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பலவேளை அவருக்கு விளங்காதது அந்த மொழிதான். வருகிறவருக்கு, அவர் அப்பாவை என்ன சொல்லிக் கூப்பிடவேண்டும், அவர் "ஒண்டுக்கு" என்றால் என்ன அர்த்தம், நோகுதா, தண்ணி வேணுமா, பயப்பிடாதேங்கோ என்பவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பழக்கிவிடுங்கள். அதையே சிங்களத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், வார்ட்டில் அனுமதித்தால் கட்டிலில் ஒட்டலாம். கண்ணாடி, பல் செற், காதுக் கருவி உண்டென்றும், தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்றும் அதில் எழுதுங்கள்.

அவர் கத்துகிறார், நித்திரை கொள்கிறார் இல்லை என்று போனால், அமைதிப்படுத்தும் குளிசைகளை எழுதித் தருவார்கள். சில சந்தர்ப்பங்களில் அவை தேவைதான். ஆனால் ரிஸ்பெரிடோன் போன்றவை டிமென்ஷியா உள்ள முதியவரில் பாரிசவாதத்துக்கும் மரணத்துக்குமான ஆபத்தைக் கூட்டுகின்றன. லூயி பொடி வகை மறதிநோய் உள்ளவருக்கு இந்த வகைக் குளிசைகளால் கை கால் இறுகி நிலைமை மோசமாகலாம். "எதுக்காகத் தாறீங்கள், எவ்வளவு காலத்துக்கு, எப்ப குறைப்பீங்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. பழைய துண்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். தருவதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். டொனெப்பெசில், மெமன்டீன் போன்றவை சிலருக்குச் சில காலம் கொஞ்சம் உதவும், நோயை நிறுத்தா.

இல்லத்தில் விடுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். இரவெல்லாம் முழித்து, பகலெல்லாம் வேலை செய்து, ஒரு மகள் உடைந்துபோவதைவிட நல்ல இல்லம் மேல். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள். எல்லோரும் கட்டிலில் படுத்திருக்கிறார்களா, தமிழ் கதைக்க ஒருவராவது உண்டா, மூத்திர மணம் அடிக்கிறதா, வெளியே நடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒருநாள் இருந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதை மட்டும் செய்யாதீர்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பமாட்டார்.

இல்லத்துக்கு முன்னால் வேறு படிகளும் உண்டு. மருதானை கெத்தவலமுல்லை ஒழுங்கையில் லங்கா அல்சைமர் மன்றம் இருக்கிறது. 2001இலிருந்து இயங்குகிறது. நோயுள்ளவர்களுக்குப் பகல்நேரச் செயற்பாடுகளும், பராமரிப்பவர்களுக்கு ஆலோசனையும் கொடுக்கிறார்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தில் முதியோருக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கொடை என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பால் எத்தனையோ பேர் வைத்தியம் பிந்திப் போனார்கள். உங்களுக்கே தாங்க முடியாத இரவில் 1926க்கு அழைத்துக் கதையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது.

அண்ணாவுக்கு நேரடியாக எழுதுங்கள். அப்பாவின் தீர்மானங்களை அப்பாவோடு இருந்துதான் எடுக்கமுடியும் என்று சொல்லுங்கள். காணி, இல்லம், வைத்தியம் மூன்றையும் பற்றிக் காலைவேளையில் வீடியோ அழைப்பில் அப்பாவையும் வைத்துக்கொண்டு கதையுங்கள், அங்கே இரவாக இருந்தாலும் அண்ணா முழித்திருக்கட்டும். அப்பா சொன்னதைத் திகதி போட்டு எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டி, மூவரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். காசு அனுப்புவது உதவிதான், ஆனால் பாதிப் பங்கு ஆகாது. கிழமையில் ஆறு நாள் ஆள் வைக்கக் காசும், வருடத்தில் ஒரு மாதம் தானே வந்து நிற்பதும் அண்ணாவின் பங்கு என்று கேளுங்கள். அந்த மாதத்தில் நீங்கள் எங்காவது போய் நித்திரை கொள்ளுங்கள்.